அமெரிக்கப் பெரிய செம்புச் சென்ட்டுகளின் வடிவ வகையை இனங்காணும் முறை

பிலடெல்பியா நாணயச்சாலை 1793 முதல் 1857 வரை வெளியிட்ட செம்புச் சென்ட்டுகளைச் சேகரிப்பாளர்கள் பெரிய சென்ட் என்று அழைக்கின்றனர். 1815 நீங்கலாக ஒவ்வோர் ஆண்டின் எண்ணும் இவற்றில் காணப்படுகிறது. ஆண்டு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலான காசுகளின் வகை அப்போதே முடிவாகிவிடும். 1793, 1796, 1839 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் வெளிவந்தன. ஆயினும் நம் கைக்கு வருபவை பெரும்பாலும் ஆண்டு தேய்ந்துபோன காசுகளே என்பதால், உருவத்தைக் கொண்டு வகை பிரிக்கப் பழகுவதே பயன்தரும்.

முதலில் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பெரிய சென்ட் ஏறத்தாழ 26 முதல் 29 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால் அது ஒத்த வடிவங்களைத் தாங்கிய அரை சென்ட். அடுத்து, லிபர்ட்டி எனப்படும் சுதந்திர தேவியின் முகம் எப்பக்கம் நோக்குகிறது என்று பாருங்கள். 1807 வரையிலான காசுகளில் முகம் வலப்புறமும், 1808 முதல் இடப்புறமும் திரும்பியிருக்கும். எழுத்துகள் முற்றிலும் அழிந்த காசிலும் தலையின் வெளிக்கோடு பெரும்பாலும் எஞ்சியிருக்கும் என்பதால், இதைவிட நம்பகமான முதற்பிரிவு வேறில்லை என்பேன்.

வலம் நோக்கும் காசுகளில் 1793ஆம் ஆண்டுக்கு உரியவற்றை மிகப் பொறுமையாக ஆராய வேண்டும். பின்புறத்தில் 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி இருந்தால் அது சங்கிலி வகை. அன்றைய 15 மாநிலங்களின் ஒற்றுமையைக் குறிக்க எண்ணிய அந்தச் சங்கிலி, அடிமைத்தளையை நினைவூட்டுவதாகக் கண்டனத்துக்கு உள்ளாகி, விரைவிலேயே இலைவளையத்துக்கு இடம்விட்டது. அதற்குப் பின் வந்த இரு வகைகளிலும் பின்புறத்தில் இலைவளையமே இருப்பதால், முன்புறத்தைப் பார்த்துத்தான் அவற்றைப் பிரிக்க முடியும்: கழுத்துக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே சிறு இலைக்கொத்து இருந்தால் இலைவளைய வகை; தலைக்குப் பின்னால் கோலில் தாங்கிய தொப்பி இருந்தால் சுதந்திரத் தொப்பி வகை. தொப்பி வகை 1796 வரை நீடித்தது. அதே ஆண்டில் தொடங்கி 1807 வரை வந்த ஆடை போர்த்திய மார்பளவு வகையில் தொப்பியும் கோலும் இரா. கூந்தலில் நாடாவும் மார்பில் துணி மடிப்பும் இருக்கும்.

எடையும் விளிம்பும் துணைச்சான்றுகள். 13.48 கிராமாக இருந்த நிர்ணய எடை 1795ஆம் ஆண்டின் இறுதியில் 10.89 கிராமாகக் குறைக்கப்பட்டது. அதனுடன் விளிம்பு எழுத்துகளும் கைவிடப்பட்டன. ஆகவே எழுத்து விளிம்புள்ள தடித்த 1795 காசும், வெற்று விளிம்புள்ள மெல்லிய 1795 காசும் ஒரே வடிவ வகையைச் சேர்ந்தவையே. தேய்மானம் எடையைக் குறைத்துவிடும் என்பதால் எடையை மட்டும் கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

இடம் நோக்கும் காசுகளில், தலையைச் சுற்றிய பட்டையில் லிபர்ட்டி என்ற சொல் அமைந்து, இடப்புறம் ஏழும் வலப்புறம் ஆறுமாக விண்மீன்கள் நின்றால், அது 1808 முதல் 1814 வரையிலான கிளாசிக் தலை வகை. அச்சொல் நெற்றிக்கு மேல் எழும் மகுடத்தில் இருந்து, விண்மீன்கள் வளையமாகச் சூழ்ந்தால், அது 1816இல் தொடங்கிய மகுட வகை. இதில் பொதுவாக விண்மீன்கள் பதின்மூன்று, 1817இன் ஒரு வேறுபாட்டில் மட்டும் பதினைந்து. 1839இல் நாணயச்சாலைச் செதுக்குநர் கிறிஸ்டியன் கோப்ரெக்ட் அமைத்த பின்னல் கூந்தல் வகை இளமையான, சிறிய முகத்தைக் கொண்டது. அதே ஆண்டின் மகுட வகையுள் அடங்கும் பூபி தலைக் காசில், பின்னல் கூந்தல் வகையில் போலவே, பின்புறத்தில் சென்ட் என்ற சொல்லின் அடிக்கோடு இராது. ஆகவே கோடு இல்லை என்பதை மட்டும் பார்த்து வகை குறிப்பது தவறாகும்.

மங்கிய ஆண்டைப் படிக்கக் காசைத் தேய்க்கவோ, அமிலத்தில் இடவோ கூடாது. அது செம்பின் மேற்பரப்பை நிலையாகக் கெடுத்துவிடும். சாய்வாக விழும் ஒளியில் உருப்பெருக்கியுடன் காசை மெல்லச் சுழற்றினால் இலக்கங்களின் நிழல் தெரியும். 1799 என்று படிக்க நேர்ந்தால் கடைசி இலக்கத்தை மீண்டும் பாருங்கள். அவ்வாண்டுக் காசு அரிது என்பதால் 1798இன் எட்டை ஒன்பதாகச் செதுக்கிய போலிகள் உண்டு.

வகை உறுதியான பிறகே அச்சு வேறுபாட்டுக்கு, அதாவது காசு எந்த அச்சுகளால் அடிக்கப்பட்டது என்பதற்குச் செல்லுங்கள். அவ்வேறுபாடுகளைக் குறிக்கும் பட்டியல் எண்களாக, 1814 வரையிலான காசுகளுக்கு ஷெல்டன் எண்ணும், 1816 முதலானவற்றுக்கு நியூகோம்ப் எண்ணும் வழங்குகின்றன.