காப்பகத்தில் மேயும் மாடுகளைப் பார்க்கப் போகிறீர்களா?

புதர் மண்டிப் புல்வெளி அழியாமலிருக்க, இயற்கைக் காப்பகங்கள் பலவற்றில் மாடுகளை மேய விடுகிறார்கள். அவற்றைப் பார்த்துவர முன்வந்த தன்னார்வலர் முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. ஒன்று குறைந்தாலும் தேடாமல் திரும்பாதீர்கள். கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்பது நோயுற்றதாகவோ கன்று ஈனப் போவதாகவோ இருக்கலாம்.

எண்ணியதும் கிளம்பிவிட வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று பொறுமையாகக் கவனியுங்கள். நிம்மதியாக அசைபோடுவது நல்ல அறிகுறி. ஆனால் படுத்திருக்கும் மாட்டின் கால் எப்படி இருக்கிறது என்று தெரியாது. மெதுவாக எழுப்பி நாலடி நடக்கவிட்டால்தான் நொண்டுவது புலப்படும். நடக்கையில் முதுகு வளைந்திருந்தாலோ, அடிக்கு ஒருமுறை தலை ஆடினாலோ குளம்பில் வலி இருக்கக்கூடும். இடப்பக்க வயிறு பலூன் போல உப்பி, மூச்சு வாங்கினால் அது உப்புசம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, அங்கிருந்தே உரிமையாளரையோ கால்நடை மருத்துவரையோ அழையுங்கள்.

தொட்டியில் தண்ணீர் தெரிவது போதாது. மிதவையை அழுத்தி, குழாயில் நீர் வருகிறதா பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு பசு நாளுக்கு 50 லிட்டருக்கு மேலும் குடிக்கும். வேலி, கதவுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். நாயோடு வரும் நடைபயணிகளிடம், மாடு துரத்தினால் வாரை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவையுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும்.

சந்தேகப்படும் மாட்டை நீங்களே பிடித்து வைத்தியம் பார்க்க முயலாதீர்கள். காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் எண்ணைக் குறித்து, படம் எடுத்து, நின்ற இடத்தோடு சேர்த்து உரிமையாளருக்கு அனுப்புங்கள்.