பியர் சப்போர்ட் சான்றிதழ்: கலிபோர்னியாவில் வாங்குவது எப்படி?

எனக்குப் பைபோலார் என்ற இருமுனை மனநோய். ஃப்ரீமாண்டில் நான் பார்க்கும் பியர் சப்போர்ட் வேலைக்கு, அதாவது சொந்த அனுபவத்தை வைத்து அதே நிலையில் இருப்பவருக்குத் துணை நிற்கும் வேலைக்கு, அதுதான் முதல் தகுதி. நம்மவர்கள் சிலர் இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

2020-ல் வந்த எஸ்.பி. 803 சட்டம்தான் இங்கே அடிப்படை. சான்றிதழ் தருவது கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்ந்து நடத்தும் கால்எம்எச்எஸ்ஏ (CalMHSA) என்ற அமைப்பு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். ஊர் பிளஸ் டூ சான்றிதழை அப்படியே ஏற்பார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் எல்லோரும் தயங்கும் இடம்: மனநோயிலிருந்தோ போதைப் பழக்கத்திலிருந்தோ மீண்டு வரும் அனுபவம் உண்டு என்று நீங்களே அறிவிக்க வேண்டும். டாக்டர் கடிதம் தேவையில்லை. மகனையோ தம்பியையோ பார்த்துக்கொண்ட அனுபவமும் செல்லும். குடும்பத்தாருக்கென்று தனிச் சிறப்புப் பயிற்சியே இருக்கிறது.

அறிவிப்பது என்றால் எல்லாவற்றையும் கொட்டுவது என்று நினைக்க வேண்டாம். எந்தப் பகுதியைச் சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். தூக்கமே இல்லாமல் கிரெடிட் கார்டில் பட்டுப்புடவைகளாக வாங்கிக் குவித்ததை நான் சொல்வேன். அப்போது என் கணவர் பேசியதைச் சொல்ல மாட்டேன். அது அவர் கதையும்கூட. எதிரில் இருப்பவருக்கு உதவாத விஷயம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் வேண்டாம்.

பயிற்சி 80 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் இருப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள், மற்றது கணக்கில் வராது. கட்டண உதவி உண்டா என்று கவுண்டியிலும் விசாரியுங்கள். 17 திறன்கள் சொல்லித் தருவார்கள்: நெருக்கடித் திட்டம், எல்லைகள், ரகசியம் காப்பது, குறிப்பு எழுதுவது என்று போகும். குறிப்பு எழுதுவதை அலட்சியம் செய்யாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கால் பணம் தருவது அதைப் பார்த்துத்தான்.

தேர்வு கொள்குறி வகை. அதில் நமக்குப் பெரிய இடைஞ்சல் அறிவுரை சொல்லும் பழக்கம். "மருந்தை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், "நிறுத்தாதீங்க தம்பி" என்றுதான் வாயில் வரும். அவருக்கு அதில் என்ன கஷ்டம் என்று கேட்டு, அதை டாக்டரிடம் பேச அவரைத் தயார்செய்வதுதான் இந்த வேலை. நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து சொல்வது, தெரபி கொடுப்பது எதுவும் நம் கையில் இல்லை.

சரி, கையில் சான்றிதழ் வந்தாயிற்று. இந்தச் சேவையை மெடி-காலில் தருவதா என்று ஒவ்வொரு கவுண்டியும் தனியாக முடிவு செய்யும், அதனால் வேலை தேடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: எனக்கு மேற்பார்வையாளர் யார், எவ்வளவு அடிக்கடி சந்திப்போம்? பதில் மழுப்பலாக இருந்தால் நான் அந்த இடத்துக்குப் போக மாட்டேன். சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்வி 20 மணி நேரம்.