பேக்கப் போய்ச் சேராத டிஸ்க்: நான் சரிசெய்த விதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி வியாபார அலுவலகம். ஆறு கணினிகள், டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு சர்வர், 4 டிபி யூஎஸ்பி டிஸ்க், இரவு 11 மணிக்கு அதில் பேக்கப் எடுக்கும் ஆர்ஸ்னாப்ஷாட் நிரல்.

மின்வெட்டு முடிந்து சர்வர் எழுந்தபோது, செருகியிருந்த பென் டிரைவ் எஸ்டிபி1 என்ற பெயரைப் பிடித்துக்கொண்டது. எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைக்க (மவுண்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பேக்கப் டிஸ்க்குக்குக் கொடுத்திருந்த பெயரும் அதுவே. அதனால் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் அதில் இருந்ததால் பூட் நிற்கவில்லை. பேக்கப்பும் நிற்கவில்லை, அதுதான் வினை! காலி மவுண்ட் ஃபோல்டரிலேயே எழுதி எழுதி சர்வரின் சொந்த ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது.

தவறாக எழுதிய கோப்புகளை அழித்துவிட்டு, எஃப்எஸ்டேபில் பெயருக்குப் பதில் யூயூஐடி, அதாவது அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய மாறாத அடையாள எண், கொடுத்தேன்; பிஎல்கேஐடி கட்டளை அதைக் காட்டும். டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையிலேயே அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஎச்அட்டர் பிளஸ் ஐ என்ற பூட்டுக் கட்டளை கொடுத்தேன். இனி ரூட் பயனராலும் அதில் எழுத முடியாது. ஆர்ஸ்னாப்ஷாட் அமைப்புக் கோப்பில், பேக்கப் போய்ச் சேரும் ஸ்னாப்ஷாட் ரூட்டை டிஸ்க்குக்குள் ஒரு துணை ஃபோல்டராக வைத்து, அந்த ஃபோல்டர் இல்லையென்றால் தானாக உருவாக்காமல் நிற்கும்படி நோ கிரியேட் ரூட் மதிப்பை 1 ஆக்கினேன். அந்த வரியில் இடைவெளி டேப்பாக இருக்க வேண்டும். ஸ்பேஸ் தட்டினால் பிழை.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் விடாதீர்கள். மாறாத கோப்பை மறுபடி நகலெடுக்காமல் பழையதையே சுட்டும் ஹார்டு லிங்க் அதில் கிடையாது, இடம் சேமிக்கவே முடியாது. இஎக்ஸ்டி4 போதும்.