ரெண்டு பிள்ளைங்க வளர்ச்சியை தனித்தனியா கவனிச்சு குறிச்சு வைக்கிறது எப்படி

ரெண்டாவது பிள்ளை பொறந்ததும் நமக்கு ஒரு தைரியம் வந்துடும், எல்லாம் ஏற்கனவே பார்த்தாச்சுன்னு. நல்ல விஷயம்தான், குளிப்பாட்டும்போது கை நடுங்காது, ராத்திரி அழுதா பதறி எழுந்து உட்கார மாட்டோம். ஆனா கூடவே ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கும். சின்னது எதை செஞ்சாலும் பெரியது இதை எத்தனாவது மாசத்துல செஞ்சதுன்னு மனசு தானா கணக்கு போட ஆரம்பிச்சுடும். எங்க வீட்ல பெரியவ பேச்சுல முந்துனா, சின்னவன் கால்ல முந்துனான். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, வளர்ந்த விதம் மட்டும் ரெண்டு தினுசு. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல பார்த்துட்டு வர்றதுல எனக்கு புரிஞ்சது என்னன்னா, ஒரு பிள்ளைக்கு அளவுகோல் இன்னொரு பிள்ளை இல்ல, அந்த பிள்ளையோட போன மாசம்தான். அதை நடைமுறைல எப்படி செய்றதுன்னுதான் இங்க எழுதுறேன்.

முதல்ல, ஞாபகத்தை நம்பாதீங்க. பெரியவ எப்ப நடந்தான்னு உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் பாட்டியையும் தனித்தனியா கேட்டா மூணு பதில் வரும், அதுல பாட்டி சொல்றதுதான் எப்பவும் சீக்கிரமா இருக்கும். அந்த ஞாபகத்தை வெச்சு சின்னவனை அளந்தா தேவையில்லாத பயம்தான் மிச்சம். அதனால ஆளுக்கு ஒரு நோட்டு போடுங்க, ஒரே நோட்டை ரெண்டா பிரிக்காதீங்க, பக்கத்து பக்கம் கண்ல பட்டாலே ஒப்பிட ஆரம்பிச்சுடுவோம். தேதியோட பிள்ளையோட வயசையும் மாசக் கணக்குல எழுதிடுங்க, பின்னாடி உட்கார்ந்து கழிச்சு பார்க்கிற வேலை இருக்காது. குறைமாசத்துல பொறந்த பிள்ளைன்னா ரெண்டு வயசு வரைக்கும் எத்தனை வாரம் முந்தி பொறந்துச்சோ அதை கழிச்சுட்டுதான் வளர்ச்சியை பார்க்கணும். 8 வாரம் முந்தி பொறந்த பிள்ளைக்கு இப்ப 10 மாசம்னா, 8 மாச பிள்ளை என்ன செய்யுமோ அதைத்தான் எதிர்பார்க்கணும். இது தெரியாம நிறைய பேர் தவிச்சு போறாங்க.

எதையெல்லாம் எழுதுறது? பெரிய விஷயங்க எல்லாருக்கும் தெரியும், தலை நின்னது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, தவழ்ந்தது, பிடிச்சு நின்னது, நடந்தது. இதுக்கு நடுவுல வர்ற சின்னச் சின்னது இருக்கு பாருங்க, அதுதான் சீக்கிரம் மறந்து போகும். விரல் நீட்டி எனக்கு அது வேணும்னு காட்டுறது ஒண்ணு, அங்க பாரு காக்கான்னு நமக்கு காட்டுறதுக்காகவே விரல் நீட்டுறது இன்னொண்ணு. முதலாவது கேக்குறது, ரெண்டாவது பகிர்ந்துக்கிறது. இந்த ரெண்டாவது பெரும்பாலும் ஒன்றரை வயசுக்குள்ள வந்துடும், பேச்சு வளர்றதுக்கு ரொம்ப முக்கியமான அடையாளம் அது. பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பி பார்க்கிறது, ஒளிச்சு வெச்ச பொம்மையை தேடுறது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து சின்ன பொருளை பொறுக்கி எடுக்கிறது, இதெல்லாம் எழுதி வைங்க.

அடுத்தது இந்த எந்த மாசத்துல எது வரணும்ங்கிற விஷயம். ஒரே தேதியை மனசுல வெச்சுக்காதீங்க, ஒரு நீளமான ஜன்னல்னு வெச்சுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு 5 நாட்டு பிள்ளைங்களை தொடர்ந்து கவனிச்சு 2006-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க, நல்லா ஆரோக்கியமா இருந்த 816 பிள்ளைங்க. அதுல பிடிமானம் இல்லாம உட்கார்றது 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசம் வரைக்கும், பிடிக்காம நிக்கிறது 6.9 மாசத்துல இருந்து 16.9 வரைக்கும், தானா நடக்கிறது 8.2-ல இருந்து 17.6 மாசம் வரைக்கும். நடக்கிறதுக்கு மட்டும் 9 மாசத்துக்கு மேல வித்தியாசம் பாருங்க, அத்தனையும் நார்மல்தான்! அக்கா 10 மாசத்துல நடந்து தம்பி 15 மாசத்துல நடந்தா தம்பி லேட்டு இல்ல, ரெண்டு பேரும் அந்த ஜன்னலுக்குள்ளதான் இருக்காங்க.

தவழுறதுக்கு தனியா ஒரு வார்த்தை. அதே ஆய்வுல 100-க்கு சுமார் 4 பிள்ளைங்க கையும் முட்டியும் ஊனி தவழவே இல்ல, நேரா எழுந்து நின்னு நடந்துட்டாங்க. சிலது வயித்தால நகரும், சிலது உட்கார்ந்தபடியே தேய்ச்சுக்கிட்டு போகும். அமெரிக்க அரசோட நோய் தடுப்பு அமைப்பான சிடிசி, எந்த வயசுல பிள்ளை என்ன செய்யும்ங்கிற அவங்க மைல்ஸ்டோன் பட்டியலை 2022-ல திருத்தினப்ப தவழுறதை பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க. அதோட 15 மாசம், 30 மாசம்னு ரெண்டு புது கட்டத்தையும் சேர்த்து, அந்த வயசுல 100-ல 75 பிள்ளைங்களாவது செய்யுற விஷயங்களை மட்டும்தான் போட்டாங்க. முன்னாடி நிறைய இடத்துல பாதி பிள்ளைங்க செய்யுற வயசு இருந்ததால, பார்க்கிறவங்க இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்னு தள்ளி போட்டுடுவாங்க. அதனால இப்போ அந்த பட்டியல்ல இருக்கிற ஒண்ணை உங்க பிள்ளை இன்னும் செய்யலைன்னா டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, பயந்துக்கிட்டு இல்ல, சாதாரணமா கேளுங்க.

சீக்கிரம் நடக்கட்டும்னு வாக்கர்ல மட்டும் உட்கார வைக்காதீங்க. அது நடக்க சொல்லி தராது, தானா எழுந்து விழுந்து பழகுற நேரத்தைத்தான் அது எடுத்துக்குது, படிக்கட்டுல உருண்டு விழுற ஆபத்து வேற. கனடாவுல 2004-லயே தடை பண்ணிட்டாங்க. வெறும் தரை, வெறும் கால், பிடிச்சு நிக்க ஒரு பலமான பெஞ்ச், இது போதும்.

பேச்சு விஷயத்துல ரெண்டாவது பிள்ளைக்கு ஒரு தனி நிலைமை இருக்கு. பெரியவளுக்கு நாம நாள் முழுக்க முகம் பார்த்து பேசியிருப்போம், சின்னவனுக்கு அந்த நேரம் கிடைக்கிறது இல்ல, போதாததுக்கு அவன் வாயை திறக்கிறதுக்கு முன்னாடியே அக்கா அவனுக்கு தண்ணி வேணுமாம்னு சொல்லி முடிச்சுடுவா. ஆனா அவன் சும்மா இருக்கிறதா நினைக்காதீங்க, நாமளும் அக்காவும் பேசிக்கிறதை அவன் ஓரமா நின்னு கேட்டுக்கிட்டே இருப்பான், நான், நீ, என்னோடது, உன்னோடதுங்கிறது எல்லாம் அப்படி கேட்டுத்தான் பழகுவான். செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. தினமும் சின்னவனோட மட்டும் கொஞ்ச நேரம், அக்கா இல்லாத நேரம், அவன் எதை பார்க்கிறானோ அதை பத்தி பேசுங்க, கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணி காத்திருங்க, அவனுக்கு வார்த்தையை தேடி எடுக்க அவ்வளவு நேரம் தேவைப்படுது. அக்காவை அதட்டாதீங்க, அவ உதவி பண்றதாத்தான் நினைக்கிறா. "அவனே சொல்லட்டும், நாம ரெண்டு பேரும் காத்திருக்கலாம்"னு சொல்லுங்க, அவளும் கூட சேர்ந்து காத்திருப்பா.

அதே நேரம் ரெண்டாவது பிள்ளை அப்படித்தான் லேட்டா பேசும்னு யாராவது சொன்னா அதை கேட்டுட்டு சும்மா இருந்துடாதீங்க. 12 மாசத்துல மழலையா கூட சத்தம் இல்ல, 16 மாசத்துல ஒரு வார்த்தை கூட இல்ல, 24 மாசத்துல ரெண்டு வார்த்தை சேர்த்து சொல்லல, பேர் கூப்பிட்டா திரும்பல, 18 மாசம் ஆகியும் நடக்கல, எந்த வயசா இருந்தாலும் இருந்த பேச்சோ திறமையோ காணாம போச்சு, இதுல எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், டாக்டரை பாருங்க. பேச்சு சந்தேகம்னா காது டெஸ்ட் முதல்ல. அடுத்த ரூம்ல கதவு சத்தம் கேட்டு திரும்புறானே காது நல்லாத்தான் இருக்குன்னு நாமளே முடிவு பண்ணிட கூடாது, பாதி கேக்குற பிள்ளையும் அந்த சத்தத்துக்கு திரும்பும்.

இப்ப பெரியவ. சின்னது வந்ததும் வீட்ல எல்லார் கண்ணும் அங்கேயே போயிடும், பெரியவ வளர்றதை யாரும் எழுதவே மாட்டாங்க, அவ என்னமோ வளர்ந்து முடிச்சுட்ட மாதிரி. அவளுக்கும் வயசு மூணோ நாலோதான்! அவ நோட்டை மூடாதீங்க. இந்த வயசுல நடக்கிற வளர்ச்சி வெளிய தெரியாது. ரெண்டு வயசு பிள்ளைங்க பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஆளுக்கு ஒண்ணு விளையாடும், சேர்ந்து விளையாடுறது மெதுவாத்தான் வரும். அடுத்தவங்க மனசுல இருக்கிறது என் மனசுல இருக்கிறதுல இருந்து வேறயா இருக்கலாம்னு புரியுறது சுமார் 4 வயசுல. தம்பி வெளிய போனப்ப பொம்மையை பெட்டில இருந்து எடுத்து கட்டிலுக்கு அடியில வெச்சுட்டு, அவன் வந்தா எங்க தேடுவான்னு பெரியவகிட்ட கேளுங்க. இந்த புரிதல் இன்னும் வராத பிள்ளை கட்டிலுக்கு அடியிலன்னு சொல்லும், ஏன்னா அதுக்கு தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு அது நினைக்குது. பெட்டிலன்னு சொல்ற அன்னைக்கு தேதி போட்டு எழுதிடுங்க, முதல் அடி எடுத்து வெச்சதுக்கு கொஞ்சமும் குறைஞ்சது இல்ல அது. 1994-ல வந்த ஒரு ஆய்வுல கூடப்பொறந்தவங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்த புரிதல் சீக்கிரம் வந்திருந்தது. அவங்க போடுற சண்டைக்கும் அதுல பங்கு இருக்கும்னு நான் நம்புறேன், எனக்கு என்ன வேணும் அவனுக்கு என்ன வேணும்னு நாள் முழுக்க அவங்க பேசுறது அதை பத்தித்தானே.

சில பெரிய பிள்ளைங்க, தம்பி தங்கச்சி வந்ததும் பின்னாடி போகும். நல்லா பாத்ரூம் போயிட்டு இருந்தது திரும்ப நனைக்கும், மழலையா பேசும், ஊட்டி விட சொல்லும். திட்டாதீங்க, பெரிய பிள்ளை இல்லையான்னு கேக்காதீங்க, அவ அந்த நேரத்துல சின்ன பிள்ளையா இருக்கத்தான் ஆசைப்படுறா. ரெண்டு நிமிஷம் மடில போட்டு கொஞ்சிட்டு விட்டுடுங்க, பெரும்பாலும் சில வாரத்துலயோ மாசத்துலயோ தானா சரியாகும். ஆனா இதையும் மேல சொன்ன திறமை காணாம போறதையும் குழப்பிக்க கூடாது. மழலை பேசுறவ விளையாட்டு மும்முரத்துல முழு வாக்கியமா பேசினா அது ஏக்கம். எந்த நேரத்துலயும் எந்த இடத்துலயும் அந்த பேச்சு வரவே இல்லைன்னா டாக்டர்கிட்ட போகணும்.

உயரம் குறிக்கிற வீடா இருந்தா சுவத்துல ஆளுக்கு ஒரு வரிசை போடுங்க. முதல் வருஷம் சுமார் 25 செ.மீ. வளருவாங்க, ரெண்டாவது வருஷம் சுமார் 12, அப்புறம் மெதுவா குறைஞ்சு வருஷத்துக்கு 5, 6 செ.மீ.-க்கு வந்துடும். அதனால சின்னவன் கோடு தாவி தாவி போகும், பெரியவ கோடு நகரவே இல்லாத மாதிரி இருக்கும், அவ முகம் வாடிடும், அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க. ரெண்டு வயசுக்கு கீழ படுக்க வெச்சு அளக்கணும், அந்த அளவு நிக்க வெச்சு எடுக்கிறதை விட சுமார் 0.7 செ.மீ. கூட வரும், நிக்க வெச்சு அளக்க ஆரம்பிக்கிறப்ப குறைஞ்சு போச்சேன்னு பதற வேண்டாம்.

பல் கணக்கும் அழகா இருக்கும். சின்னவனுக்கு பால் பல் 20-ம் வந்து முடியுற வயசுல, சில வீட்ல பெரியவளுக்கு முதல் பல் ஆடும். எல்லாரும் விழுற பல்லைத்தான் பார்ப்பாங்க, அதே 6 வயசு வாக்குல எந்த பல்லும் விழாம பின்னாடி கடைசில புதுசா ஒரு கடைவாய் பல் முளைக்கும், அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பால் பல்தானேன்னு விட்டுடாம பிரஷ் அங்க வரைக்கும் போகுதான்னு பாருங்க.

ஒருத்தர் வளர்ற ஒவ்வொரு கட்டத்துலயும் இன்னொருத்தரோட பொருள் ஆபத்தா மாறும், இதை கண்டிப்பா நோட்டுல எழுதுங்க. சின்னவன் நகர ஆரம்பிச்சா அக்காவோட மணி, காந்தம், சின்ன சின்ன பிளாஸ்டிக் துண்டு எல்லாம் அவன் கைக்கு எட்டாத உயரத்துக்கு போகணும். டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அட்டைக் குழாய்க்குள்ள நுழையுற எந்த பொருளும் 3 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகிட்ட வேண்டாம். பொம்மைல, ரிமோட்ல இருக்கிற பட்டன் பேட்டரி எல்லாத்துலயும் மோசம், விழுங்கி தொண்டைக்கு கீழ உணவுக் குழாய்ல மாட்டினா 2 மணி நேரத்துல உள்ள புண்ணாக்கிடும். சந்தேகம்னாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பெரியவளுக்கு மேஜை மேல ஒரு இடம் கொடுத்துடுங்க, அவ பொருளை அவ நிம்மதியா வெச்சு விளையாடணும், தம்பி பிச்சுட்டான்னு அழுறது நியாயமான அழுகை.

குறிச்சு வைக்கிறதுல எனக்கு ரொம்ப பிடிச்ச வழி, பெரியவளையே சாட்சியா வெச்சுக்கிறது. ராத்திரி படுக்கும்போது இன்னைக்கு தம்பி புதுசா என்ன செஞ்சான்னு கேளுங்க, அவ சொல்ற வார்த்தைலயே எழுதுங்க, திருத்தாதீங்க. நாம கவனிக்காதது அவ கண்ல பட்டிருக்கும், கூடவே அவ பேச்சும் அதுல பதிவாகிடும், ஒரே வரில ரெண்டு பேரும். போட்டோவை விட குரலை நிறைய எடுங்க, மாசம் ஒரு தடவை ஒரு நிமிஷம் போதும், தப்பு தப்பா சொன்ன வார்த்தை எல்லாம் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம திருந்திடும், அப்புறம் எவ்வளவு கேட்டாலும் அதே மாதிரி வராது. ஃபைல் பேர்ல பிள்ளை பேரும் வயசும் போட்டு ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க.

சொல்ற வார்த்தைலயும் கவனம் வேணும். அக்கா உன் வயசுல இதெல்லாம் பண்ணுவாங்கிறதை நிறுத்திட்டு, போன மாசம் இந்த படில கையை ஊனித்தான் ஏறின, இப்ப நின்னுக்கிட்டே ஏறுறன்னு சொல்லி பாருங்க, முகத்துல தெரியும். சொந்தக்காரங்க யாராவது ஒப்பிட்டு பேசினா பிள்ளைங்க முன்னாடியே "ரெண்டு பேரும் அவங்கவங்க வேகத்துல நல்லா வர்றாங்க"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்துங்க, அவங்க கேக்கிறதுக்காக இல்ல, பிள்ளைங்க காதுல விழுறதுக்காக.

டாக்டர்கிட்ட போறப்ப யாருக்கு பார்க்கணுமோ அவங்க நோட்டை மட்டும் எடுத்துட்டு போங்க. சந்தேகம் இருக்கிற விஷயத்தை வீட்லயே சின்ன வீடியோவா எடுத்துக்கோங்க, புது இடத்துல பிள்ளை நடக்கவும் செய்யாது பேசவும் செய்யாது. கேள்வியை முன்னாடியே எழுதிக்கோங்க, முடிஞ்சா இன்னொரு பிள்ளையை அன்னைக்கு வீட்ல விட்டுட்டு போங்க, அந்த ஒரு மணி நேரம் முழுசா ஒருத்தருக்கே கிடைக்கட்டும்.