வகை பல, ஆல்பம் ஒன்று: அயர்லாந்தில் லேபிள் இல்லாமல் முதல் ஆல்பம் போடும் முறை

ஒரு பாட்டில் இலன் பைப்ஸ் (கைத்துருத்தியால் காற்றூட்டும் ஐரிஷ் பைக்குழல்), அடுத்ததில் சிந்தசைசர், அதற்கடுத்து வெறும் குரல் என்று போகும் முதல் ஆல்பத்துக்கு அயர்லாந்தில் மரியாதை உண்டு. கால்வேயைச் சேர்ந்த ஜூலி ஃபீனி தானே வெளியிட்ட முதல் ஆல்பம், 2005ஆம் ஆண்டின் சிறந்த ஐரிஷ் ஆல்பத்துக்கான முதல் சாய்ஸ் மியூசிக் பிரைஸை வென்றது. ஆனால் இப்படிப்பட்ட ஆல்பங்களில் பல, நாலு பேர் ஆல்பத்திலிருந்து பொறுக்கியெடுத்ததுபோல் ஒலிக்கின்றன. பெரும்பாலும் அது பாட்டின் குற்றமல்ல. ஒலிப்பதிவில் எதுவுமே நிலையாக இல்லாததன் விளைவு.

ஆகவே ஸ்டூடியோவுக்குப் போகும் முன்பே எதெல்லாம் மாறக்கூடாது என்று எழுதி வையுங்கள். குரலுக்கு எல்லாப் பாட்டிலும் ஒரே மைக், வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரம், ஒரே ரிவெர்ப் (எதிரொலி விளைவு). பாதிப் பாட்டுகளிலாவது தலைகாட்டும் ஒரு வாத்தியம். இவ்வளவு போதும். டிரம்ஸ், தாளம், மொழி எல்லாம் இஷ்டம்போல் மாறலாம்.

சிக்கல் அதிகம் வருவது சுருதியில். இலன் பைப்ஸ் பெரும்பாலும் டி சுருதி. தம்புராபோல் இடைவிடாமல் ஒலிக்கும் மூன்று ட்ரோன் குழல்களும் டி-யையே மூன்று ஸ்தாயிகளில் பிடித்திருக்கும். அந்த ட்ரோனோடு சேர்த்துச் சரிசெய்த பைப்ஸில் எஃப் ஷார்ப் (டி-யை ஸட்ஜமாக வைத்தால் காந்தாரம்), பியானோவின் எஃப் ஷார்ப்பைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்வாக இருக்கும். அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். தம்புராவோடு ஹார்மோனியத்தின் காந்தாரம் உரசுமே, அதே உரசல்தான். சிந்த் பேடில் (சிந்தசைசரின் நீண்டு பரவும் பின்னணி ஒலி) டி மேஜர் கார்டு முழுவதையும் அழுத்தினால் அது வெளியே துருத்தும். பேடில் டி, ஏ இரண்டு ஸ்வரங்களை மட்டும் வைத்து, எஃப் ஷார்ப்பைப் பைப்ஸுக்கே விட்டுவிடுங்கள். ட்ரோன் ஒலிக்கும் டிராக்கில் சுருதியைத் தானே திருத்தும் பிட்ச் கரெக்‌ஷன் போட வேண்டாம். ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் கேட்பதால் மென்பொருள் தடுமாறி, ஒலி நெளியும்.

பைப்ஸின் சீவாளி ஈரப்பதத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப உடனே மாறி, சுருதியும் நகரும். வாத்தியத்தை அரை மணி நேரமாவது அறையில் வைத்திருந்து, வாசித்து நிலைத்த பிறகே பதியவும். பைப்ஸை முதலில் பதிந்துவிட்டு, சிந்தசைசரை அதற்கேற்பச் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்குவது சுலபம். அக்கார்டியனோ கன்சர்டினாவோ அதே பாட்டில் இருந்தால் வரிசை தலைகீழ்: அவற்றின் உலோக நாக்குகளை அந்த இடத்தில் திருத்த முடியாது, எனவே அவை முதலில், பைப்ஸ் பிறகு.

குச்சியால் தட்டும் ஐரிஷ் தோல்வாத்தியமான பௌரானுக்கு இரண்டு மைக் வைப்பார்கள். முன்பக்கம் குச்சியின் சத்தம், பின்பக்கம் கையோடு வரும் அடித்தொனி. இரண்டும் எதிரெதிர் திசையிலிருந்து தோலைக் கேட்பதால் ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பாவிட்டால் அடித்தொனி கரைந்துவிடும். எலக்ட்ரானிக் கிக் டிரம்மும் சேர்ந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டில் ஒன்றுக்கே இடம் கொடுங்கள். எங்கள் தேர்வு பௌரான்தான். கிக்கை மேலே தள்ளி 'டிக்' ஓசையாக வைத்தால் போதும்.

பாட்டு வரிசையை முழுதாகக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பாட்டின் கடைசி 15 நொடியையும் அடுத்ததன் முதல் 15 நொடியையும் ஒட்டி ஓடவிட்டால் எங்கே இடிக்கிறது என்பது உடனே தெரியும். சுருதி அரை ஸ்வரம் மட்டும் நகர்ந்தால் பாட்டு தவறிப்போனதுபோல் கேட்கும். அங்கே இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது இடையில் வேறு பாட்டை வையுங்கள். 12 அங்குல இசைத்தட்டும் போடுவதாக இருந்தால் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்குள் நிறுத்தி, மென்மையான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வையுங்கள். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க 'ஸ', 'ஷ' ஓசைகள் பிசிறும்.

ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங்கை ஒரே ஆளிடம், ஒரே தொகுதியாகக் கொடுங்கள். மீட்டரைப் பார்த்து எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. தனிக்குரல் பாட்டு, பேண்ட் பாட்டுக்குச் சமமாக இரைந்து எரிச்சலூட்டும். குரலின் அளவைச் சமப்படுத்தினால் போதும். ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவில்தான் ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது, ஆகவே பாட்டுகளுக்கிடையே நீங்கள் வைத்த ஏற்றத்தாழ்வு கெடாது. ஒலியின் உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல், 24 பிட் வேவ் கோப்பாக வாங்குங்கள்.

இனி காகித வேலை. இயற்றியவர் என்ற முறையில், பாட்டு ஒலிபரப்பாவதற்கும் மேடையேறுவதற்கும் ராயல்டி வசூலிக்கும் இம்ரோ (IMRO) அமைப்பில் சேர்ந்து ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யவும். ஒலிப்பதிவின் உரிமையாளர் என்ற முறையில் பிபிஐ (PPI) அமைப்பிடம் பதிந்து, பதிவுகளை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்களையும் அங்கேயே வாங்கலாம். எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகள் கொண்ட அந்த எண் ஒவ்வொரு பதிவுக்கும் தனி. வானொலிக்காகச் சுருக்கிய வடிவத்துக்கும் புது எண் வேண்டும். வாசித்தவர்களுக்கான பங்கு கலைஞர்களின் அமைப்பான ஆர்.ஏ.ஏ.பி. (RAAP) வழியாக வரும், எனவே பின்னணி வாசித்தவர்களின் பெயரையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை இயற்றியதில் பங்கு கேட்பவர் இருந்தால் சதவீதத்தைப் பதிவு முடிந்த நாளிலேயே கையெழுத்தாக்கிவிடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு எல்லோருக்கும் நினைவு வேறுவேறாக இருக்கும்.

மரபு மெட்டு என்று நினைத்து எடுப்பதில் கவனம் தேவை. 1738இல் மறைந்த ஹார்ப் கலைஞர் ஓ'கரோலனின் மெட்டுகளை யாரும் எடுக்கலாம். கேவனில் பிறந்த எட் ரீவியின் மெட்டுகள் செஷன்களில் (மரபிசைக் கலைஞர்கள் கூடி வாசிக்கும் இடங்களில்) மரபு மெட்டுபோலவே புழங்கினாலும், அவர் இறந்தது 1988இல். அயர்லாந்துச் சட்டப்படி இயற்றியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை நிலைக்கும். சந்தேகம் வந்தால் டப்ளின் மெரியன் ஸ்கொயரில் இருக்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். உரிமையுள்ள பிறர் மெட்டைச் சிடியிலோ தட்டிலோ அச்சிட, பிரதியெடுப்பு உரிமையைக் கவனிக்கும் எம்.சி.பி.எஸ்.ஐ. (MCPSI) உரிமம் வேண்டும்.

ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகத் தளத்தில், வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்னதாகவே ஏற்றுங்கள். பெயரில் ஃபாடா, அதாவது உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இடவும்; ஒரு பாட்டில் இட்டு இன்னொன்றில் விட்டால் ஒரே கலைஞருக்கு இரண்டு பக்கங்கள் முளைத்துவிடும். முதல் சிங்கிளாக ஆல்பத்தின் இரண்டு குணங்களாவது தெரியும் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். நடன மெட்டு ஒன்றை மட்டும் முன்னால் விட்டால், ஆல்பத்துக்கு வருகிறவர்கள் மூன்றாம் பாட்டிலேயே கிளம்பிவிடுவார்கள்.

வானொலிக்கு ஆல்பத்தை மொத்தமாக அனுப்புவதில் பயனில்லை. ஐரிஷ் மொழிப் பாட்டு ரேடியோ நா கேல்டாக்டுக்கு, வயலின் குழுவோடு இருப்பது லிரிக் எஃப்எம்முக்கு, துள்ளலானது 2எஃப்எம்முக்கு என்று பிரித்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே பாட்டை அனுப்புங்கள். இப்படிப் பிரித்துக் கொடுக்க முடிவதுதான் பல வகை ஆல்பத்தின் பெரிய வசதி. வெளியீட்டுக் கச்சேரி முடிந்ததும் வாசித்த பாட்டுகளின் பட்டியலை இம்ரோவுக்கு அனுப்பத் தவறாதீர்கள். மேடையில் பாடிய சொந்தப் பாட்டுக்கும் ராயல்டி உண்டு.