ஸ்போர்ட்ஸ் காருக்கு ஷாக்கும் ஸ்பிரிங்கும் தேர்ந்தெடுப்பது எப்படி? மதுரைச் சாலைகளை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஷாக் மாற்றவேண்டும் என்று கடைப்படி ஏறியதும் வரும் முதல் கேள்வி, "எவ்வளவு இறக்கணும்ண்ணே?" என்பதுதான். அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. முதலில் தெரியவேண்டியது, உங்கள் வண்டியின் சக்கரம் மேலே ஏறி இறங்க எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது. அந்த அளவு தெரியாமல் வாங்கும் எந்தப் பெட்டியும், அது ஜெர்மனியில் இருந்தே வந்தாலும், குருட்டாம்போக்கில் வாங்கியதுதான்.

நம் ஊரில் இது இன்னும் முக்கியம். கப்பலூர் தாண்டி நாலுவழிச்சாலையில் வண்டி ஒரே சீராகப் போகும். அதே வண்டி மாலையில் நகருக்குள் வந்து, தோண்டி மூடிய பள்ளங்களிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத வேகத்தடைகளிலும் ஏறி இறங்கும். விடுமுறைக்குத் தேனி வழியாகப் போடிமெட்டு போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மூன்றையும் ஒரே ஸ்பிரிங்தான் தாங்கவேண்டும். போலோ ஜிடி, ஐ20 என் லைன், அபார்த் புன்டோ, இசட்4 என எது வைத்திருந்தாலும் செய்முறை ஒன்றுதான்.

படி 1: யார் வேலை எது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் அமுங்கி விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தி, அந்த ஆற்றலை எண்ணெயில் சூடாக மாற்றுவதே அதன் வேலை. அதனால் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் ஆட்டம் நிற்காமல் இருந்தால் ஷாக்கைப் பாருங்கள்.

ஷாக்குக்கு இரண்டு திசை உண்டு. சக்கரம் மேலே ஏறும்போது பம்ப், கீழே இறங்கும்போது ரீபவுண்ட். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிவதை அடக்குவது ரீபவுண்ட். ஸ்பிரிங் கடினமாக ஆக, ரீபவுண்டும் கூடவேண்டும். கடினமான ஸ்பிரிங்கை மட்டும் போட்டுப் பழைய ஷாக்கை விட்டுவைத்தால் வண்டி துள்ளுவதற்கு இதுதான் காரணம்.

படி 2: இப்போது இருப்பது எந்த நிலையில் இருக்கிறது?

போனட்டைக் கையால் அமுக்கிவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் அது காட்டும். டயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடும் குழியுமாக மாறிமாறித் தட்டினால் சக்கரம் சாலையில் ஒட்டாமல் துள்ளியிருக்கிறது என்று அர்த்தம். ஷாக் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் புழுதியும் இருப்பது சாதாரணம். ஈரமாக வழிந்து கீழ் மவுண்ட் வரை இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது.

மேல் மவுண்ட், அதன் பேரிங், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் மூட்டு) ஆகியவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இவை தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் 'டக் டக்' சத்தம் போகாது.

படி 3: அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு மொத்த வேலையிலும் இதுதான் பிடித்த பகுதி. நோட்டும் டேப்பும் போதும்.

முதலில் உயரம். சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் வீல் நடுப்புள்ளியில் இருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து மி.மீ.யில் எழுதுங்கள். தரையில் இருந்து அளக்கவேண்டாம், டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும்.

அடுத்து எடை. லாரி எடை போடும் வே பிரிட்ஜ் மேலூர் பக்கமும் திருமங்கலம் பக்கமும் கிடைக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் போய், முன் இரண்டு சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பின் இரண்டை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். அரை டேங்க் பெட்ரோலோடு, நீங்கள் உள்ளே உட்கார்ந்த நிலையில்.

மூன்றாவது, பயண இடம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, டார்ச் அடித்து, முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தூசி உறையை மேலே தள்ளுங்கள். பளபளக்கும் குரோம் ராடு தெரியும். அதில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைச் சுற்றி இறுக்கி, ஷாக் உடம்பின் மேல் முகத்தைத் தொடும்படி கீழே தள்ளிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் வாலை வெட்டிவிடுங்கள். ஷாக் உடம்பில் இருந்து மேலே உள்ள பம்ப் ஸ்டாப்பின் (ஷாக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) கீழ்முனை வரை எவ்வளவு இடைவெளி என்றும் அளந்துகொள்ளுங்கள். பிறகு உறையை இறக்கிவிட்டு, வழக்கமான ஆட்களோடு வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால் கேபிள் டை ராடில் மேலே ஏறி நின்றிருக்கும். உடம்புக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் சாலை உண்மையில் கேட்ட பயணம்.

பம்ப் ஸ்டாப் வரை 55 மி.மீ. இருக்கிறது, கேபிள் டை 50 ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கை இந்த வண்டிக்குப் போட்டால் மிச்சம் 15. சாதாரணப் பள்ளத்துக்கே ரப்பரில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று மாறும். ஆகவே இது சொகுசு மட்டும் சார்ந்த விஷயம் இல்லை.

படி 4: ஸ்பிரிங் கணக்கு

பயப்படவேண்டாம், கால்குலேட்டர் இருந்தால் போதும். முன் ஆக்சில் 680 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 340. இதில் சக்கரம், பிரேக், ஹப் முதலான ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடையை உத்தேசமாக 40 என்று கழித்தால் 300 கிலோ. அதை 9.81ஆல் பெருக்கினால் 2943 நியூட்டன். ஸ்பிரிங்கின் பலம் மி.மீ.க்கு 25 நியூட்டன் என்றால் அமுங்கும் அளவு ஏறக்குறைய 118 மி.மீ. இப்போது 15.8ஐ (மி.மீ. கணக்குக்கான நிலையான எண்), 118இன் வர்க்கமூலத்தால் வகுங்கள். 1.45 வரும். வண்டி வினாடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதுதான் இந்த எண், ஹெர்ட்ஸில்.

சாதாரணக் குடும்பக் கார் 1 முதல் 1.5 வரை இருக்கும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் 1.5இல் இருந்து 2 வரை. அதற்கு மேலே டிராக் வண்டி. மேலே சொன்ன வண்டிக்கு 35 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் 1.72, 50 போட்டால் 2.06. மதுரையில் தினமும் ஓட்டும் வண்டிக்கு 1.6, 1.7க்கு மேல் போகாதீர்கள் என்பேன். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். முன்சக்கரம் முதலில் மேட்டில் ஏறுகிறது, பின்சக்கரம் பிந்தி ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் இரண்டும் சேர்ந்து அடங்கும், வண்டி முன்னும் பின்னும் தலையாட்டாது.

ஒரு எச்சரிக்கை. முன்பக்க ஸ்ட்ரட்டில் சக்கரம் நகரும் அளவுக்கு ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட அதே அளவு நகரும். பின்பக்கம் பல வண்டிகளில் ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் 100 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 70 மட்டும் அமுங்கினால், 0.7ஐ வர்க்கப்படுத்தி, அதாவது 0.49ஆல், ஸ்பிரிங் பலத்தைப் பெருக்கவேண்டும். பெட்டியில் 60 என்று போட்டிருக்கும் ஸ்பிரிங் சக்கரத்தில் 29தான். முன்பக்க எண்ணையும் பின்பக்க எண்ணையும் நேராக ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கண்ணால் பார்த்து ஸ்பிரிங் பலத்தைச் சொல்ல முடியாது. கம்பி தடிமன் 12 மி.மீ.யில் இருந்து 13.2க்குப் போனாலே பலம் 46 சதவீதம் கூடும். பலம் தடிமனின் நான்காம் படியைப் பொறுத்தது. பலம் எழுதாத ஸ்பிரிங்கை வாங்காதீர்கள்.

இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டி இறக்குவதையும், கேஸ் வைத்துச் சூடாக்கி உட்காரவைப்பதையும் தயவுசெய்து செய்யவேண்டாம். வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்று போனால் பலம் 20 சதவீதம் ஏறிவிடும், ஷாக் மட்டும் அப்படியே இருக்கும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று விலகலாம். சூடாக்கினால் எஃகின் பதமே போய்விடும். உள்ளே உட்காருவது உங்கள் வீட்டு ஆட்கள்.

படி 5: எந்த ஷாக்?

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ஷாக்கில் போடுங்கள், ஸ்பிரிங்கைக் கம்பெனி ஸ்பிரிங்காகவே விடுங்கள். நல்ல ஷாக்கும் சாதா ஸ்பிரிங்கும் சேர்ந்த வண்டி, மட்டமான ஷாக்கும் விலையுயர்ந்த ஸ்பிரிங்கும் உள்ள வண்டியைவிடப் போடிமெட்டில் எப்போதும் நன்றாக ஏறும்.

வகை இரண்டு. ட்வின் ட்யூபில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். விலை குறைவு, பள்ளத்தில் மென்மை. மோனோ ட்யூபில் ஒரே குழாய்தான். எண்ணெய்க்கு அடியில் மிதக்கும் பிஸ்டன், அதற்கு அப்பால் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன். எண்ணெய் நுரைக்காது. குழாயின் வெளிச்சுவர் நேராகக் காற்றில் இருப்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். சித்திரை வெயிலில், ஆண்டிப்பட்டிக் கணவாய் மாதிரி ஏற்ற இறக்கத்தில், வண்டி நிறைய ஆளோடு ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஷாக் பிராண்டுகளின் பெயர்களைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணம். பில்ஸ்டைனில் பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு மாற்று. பி6, கம்பெனி ஸ்பிரிங்கோடு போடும் கடினமான மோனோ ட்யூப். பி8, இறக்கும் ஸ்பிரிங்குக்காக நீளம் குறைத்தது. மஞ்சள் நிறக் கோனியில் ரீபவுண்டை மட்டும் திருகிக் கூட்டலாம். கேஒய்பியில் எக்ஸெல்-ஜி ட்வின் ட்யூப், கேஸ்-ஏ-ஜஸ்ட் மோனோ ட்யூப். உயரம் மாற்றாதவர் பி8 வாங்கினாலும், உயரம் குறைத்தவர் பி6 வாங்கினாலும் ராடின் நீளம் பொருந்தாது. ஆர்டர் போடும்முன் இதை இரண்டுமுறை பாருங்கள்.

வண்டியில் கம்பெனியே எலக்ட்ரானிக் ஷாக் கொடுத்திருந்தால், அதே வயரிங்கை ஏற்கும் ஷாக்காகத் தேடுங்கள். இல்லையென்றால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

படி 6: இறக்குவதா, வேண்டாமா?

இப்போதுதான் கடைக்காரரின் கேள்விக்கு வருகிறோம். ஜாக்கி போடாமல், வண்டி தரையில் நிற்கும்போது லோயர் ஆர்மைப் பக்கவாட்டில் பாருங்கள். சக்கரப் பக்கத்து முனை, வண்டிப் பக்கத்து முனையைவிடத் தாழ்ந்திருக்கும். இரண்டும் சமமாக வரும் வரைதான் இறக்கலாம். அதைத் தாண்டி இறக்கினால் ஸ்ட்ரட் வண்டிகளில் ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். வண்டி பார்க்கத் தாழ்வாக இருக்கும், வளைவில் முன்னைவிட அதிகம் சாயப் பார்க்கும்.

வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் (சாலைத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பு) சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அழகர்கோவில் பக்கத்து உள்கிராமச் சாலைகளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பல தடைகள் இதைவிடக் குறுகலாக, செங்குத்தாக எழுந்து நிற்கும். 15 முதல் 20 மி.மீ.க்கு மேல் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெளிநாட்டுக் கிட்டில் "30 மி.மீ. இறக்கம்" என்று போட்டிருந்தால் அது அந்நாட்டு உயரத்தில் இருந்து. இங்கே விற்ற பல மாடல்களைக் கம்பெனியே உயர்த்தி விற்றதால், இறக்கம் அதைவிடக் கூடலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கம்பெனி அளவுக்கு ஈடான ஷாக், ஸ்பிரிங் என்றால் கவலை குறைவு. அதைத் தாண்டிப் போகும் எண்ணம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அமுக்காமல் கழற்றவே கூடாது. அடக்கிவைத்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலு உள்ளது. புதியவர்கள் இந்த வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆனால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

ட்வின் ட்யூப் ஷாக் படுத்த நிலையில் வந்திருக்கும். மாட்டும்முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்தால்தான் உள்ளே புகுந்த காற்று வெளியேறும். ராடு சுற்றாமல் இருக்க அதை பிளையரால் பிடிக்கக்கூடாது, ஆலன் கீயால் தலையைப் பிடிக்கவேண்டும். குரோமில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் வரும். கடைசியாக, லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுக்க முறுக்கக்கூடாது. வண்டி தன் எடையில் தரையில் நின்றபின் முறுக்கவேண்டும். இல்லையென்றால் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். "பரவால்லண்ணே, அப்புறம் செட் ஆயிரும்" என்று சொன்னாலும் விடாதீர்கள், ஆகாது.

ஷாக்கை எப்போதும் இடமும் வலமும் ஜோடியாகவே மாற்றுங்கள். பம்ப் ஸ்டாப், தூசி உறை, மேல் மவுண்ட் மூன்றையும் புதிதாகவே போடுங்கள்.

படி 8: மாட்டியபின்

உடனே வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு) மாறும், டயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் தேயும். திருகும் வசதி உள்ள ஷாக் என்றால் மிக மென்மையான நிலையில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகக் கூட்டி, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மேட்டைத் தாண்டியபின் வண்டி ஒருமுறை எழுந்து அடங்கினால் போதும். அடுத்தடுத்த பள்ளங்களில் வண்டி மேலே எழாமல் படிப்படியாகக் கீழே அமிழ்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் கூடிவிட்டது, திருகைத் திரும்பக் குறையுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் நோட்டை எடுத்து நான்கு சக்கரத்தின் உயரத்தையும், புது ஷாக்கிலும் படி 3 போலவே கட்டிய கேபிள் டை ஏறிய தூரத்தையும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். உயரம் 5 மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் அலைன்மென்ட்டை இன்னொரு முறை பாருங்கள். கேபிள் டை பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் நின்றிருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஜோடி உங்கள் சாலைக்குப் பொருந்திவிட்டது.