ஓடாத டிவிடியும் ஐந்து வாய்ப்பும்

அமெரிக்காவிலிருந்து மச்சான் 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' டிவிடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1981 முதல் 1987 வரை, ஏழு சீசன், 146 எபிசோடு. அங்கே நான் வேலை பார்த்த நாளில் அரைகுறையாகப் பார்த்த போலீஸ் தொடர்.

சத்துவாச்சாரி வீட்டில் முதல் வட்டைப் போட்டேன். பிளேயர் 'கிர்ர்' என்று சுற்றிவிட்டு, 'ரீஜன் தவறு' என்று காட்டியது. லாங் பஜார் பக்கம் ஒரு கடையில், "டிஸ்க் கீறல் சார்" என்றார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை.

விஷயம் இதுதான். டிவிடிக்கு உலகத்தை ரீஜன் என்று பகுதி பகுதியாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள்; ஒரு பகுதியின் வட்டு இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாது. அமெரிக்க வட்டு ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. பழைய லேப்டாப்பை எடுத்தேன். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், டிவிடி டிரைவின் பண்புகளில் ரீஜனை மாற்றலாம். ஆனால் ஐந்து முறைதான். அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். நம்மூர் வட்டுகளும் அதில்தான் ஓடுகின்றன, அதைக் கெடுப்பானேன்? யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, அதை மட்டும் ரீஜன் 1க்கு நேர்ந்துவிட்டேன். ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியில் படம் வந்துவிட்டது.

தொடரில் காலை ரோல் கால், அதாவது போலீஸாரைக் கூட்டி ஆஜர் எடுப்பது. சார்ஜென்ட் எஸ்டர்ஹாஸாக மைக்கேல் கான்ராட், கண்டிப்பும் கரிசனமுமாக அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார். பின்னால் ஆளாளுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கேமரா கையில் ஆடுகிறது. அன்று இரைச்சலாகத் தெரிந்தது, இன்று உயிரோட்டமாகத் தெரிகிறது.

மூன்றாவது எபிசோடு நடுவில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியில் மிச்சத்தை முடித்தேன்.